சுருட்டுக்கு ஒரு கராஜ்

கார்த்திகை 5, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. வாவி வேலிவரை ஏறிவிட்டது. பூவரச மரத்தடியில் நாங்கள் குந்தும் வாங்கு தண்ணீருக்குள். நானும் கூட்டாளி வின்சனும் பின்னேரம் சுருட்டுப் பத்தும் இடம் அது.

வீட்டுக்குள் பத்த முடியாது. பேத்திக்கு இழுப்பு. மகள் புவனா இன்றைக்கே கட்டளை போட்டுவிட்டாள்.

"அப்பா, விறாந்தையிலயும் வேணாம். புகை உள்ளுக்குத்தான் வருது. புள்ளைக்கு மூச்சு இழுத்தா ஆஸ்பத்திரிக்கு ஓடுறது நான்."

அவள் சொல்வது சரி. அதனால்தான் கோபம். பிழையாக இருந்தால் சண்டை பிடிக்கலாம்.

போன மாரி முழுதும் இப்படியே போயிற்று. வின்சன் வரவில்லை. மனைவி கண் மூடினபின் டவுனில் தனி ஆள். மழை விட்டு வந்தபோது பேச்சே குறைந்திருந்தது. நான் கேட்டால்தான் பதில். இந்த மாரி அப்படி விடக்கூடாது.

யோசனை: மருமகனின் கராஜ். பகலில் ஆட்டோ ஓடப் போய்விடும். பின்னேரமும் வெறுமை.

இவ்வளவும் எழுதுவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. இருக்கட்டும். எழுதியது நான். போன வருடம் வரைக்கும் எனக்குக் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்தான்.

கார்த்திகை 6, சனி

மழை. கராஜுக்கு அனுமதி கேட்டேன்.

வீடு புவனாவின் சீதனம். நான் கட்டி, நான் எழுதிக் கொடுத்தது. அன்று முதல் ஆணி அடிக்கவும் அவளைக் கேட்கவேண்டும். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான், அதில் குறையில்லை. ஆனால் கராஜ் மருமகன் பிறகு கட்டியது. அவரைக் கேட்டேன்.

"கராஜ் நிக்கிற வளவு புவனாட, மாமா. அவவக் கேளுங்க."

அவளைக் கேட்டேன்.

"கராஜ் அவர்ர. அவரக் கேளுங்க."

மறுபடி அவர். மறுபடி அவள். குடை பிடித்துக்கொண்டு அவள் சமைக்கும் குசினிக்கும் அவர் நிற்கும் கராஜுக்கும் நடந்ததில் வேட்டி நனைந்ததுதான் மிச்சம். கடைசியில் இரண்டு பேரையும் ஒன்றாக நிற்க வைத்துக் கேட்டேன். ஆளை ஆள் பார்த்தார்கள். பிறகு புவனா:

"ஒரு துளிப் புகை வீட்டுக்க வந்தாலும் சரி வராது. வின்சன் மாமாக்கும் சொல்லுங்க."

கார்த்திகை 8, திங்கள்

மழை விட்டு விட்டு. வின்சன் சைக்கிளில் பாலம் கடந்து வந்தான். தலையில் பொலித்தீன் பை. கரியரில் பழைய எக்ஸோஸ்ட் ஃபேன் ஒன்று, பேக்கரி குசினியில் கழற்றிப் போட்டதாம். ஒரு விரல் தடிப்புக்கு எண்ணெய்ப் பிசின். சுரண்டவே மத்தியானம் ஆகிவிட்டது.

எந்தச் சுவரில் பூட்டுவது? வீடு கராஜுக்குத் தெற்கே. அப்படியென்றால் வடக்குச் சுவர் என்றேன். புகை வீட்டுக்கு முதுகு காட்டிப் போகும்.

வின்சன் தச்சன். கல் உடைக்கத் தெரியாது, ஆனால் தெரியும் என்பான். கேட்டது சின்ன ஓட்டை, கிடைத்தது ஒரு ஆட்டுக்குட்டி புகும் அளவு. தன் வீட்டுப் போர்த்துக்கீசப் பறங்கிப் பாஷையில் உளியைத் திட்டினான்.

"கல்லு சரியில்ல மச்சான்."

"ஓம், கல்லுலதான் பிழை."

கார்த்திகை 10, புதன்

பூட்டி முடிந்தது. காற்றில்லை, மழையில்லை. ஃபேன் போட்டோம். வின்சன் ஒரு சுருட்டுப் பத்தினான். புகை நூல் பிடித்ததுபோல் ஓட்டையை நோக்கிப் போயிற்று. கை கொடுத்துக்கொண்டோம். புவனா வந்து மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அவளிடம் அது பெரிய பாராட்டு.

நல்ல நாள்.

கார்த்திகை 11, வியாழன்

வாடைக்காற்று பிடித்துவிட்டது. வடக்கிலிருந்து, மழையோடு. நாங்கள் பத்தத் தொடங்கிக் கொஞ்ச நேரம். ஃபேன் வெளியே தள்ளியதைக் காற்று அப்படியே வாங்கி, கூரைக்கு மேலால் கொண்டுபோய், புவனாவின் அறைக்குள் போட்டது.

வந்தாள். சத்தம் போடவில்லை. பிள்ளை இடுப்பில்.

"இதுக்கா ரெண்டு பேரும் மூணு நாள் கல்லு உடைச்சீங்க?"

பிள்ளை இருமியது. எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

இந்த வாவியில் இத்தனை வருடம் பாய் கட்டித் தோணி விட்டவன் நான். மாரியில் காற்று எங்கிருந்து வரும் என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆனால் சுவரைப் பார்த்தவுடன் காற்றை மறந்துவிட்டேன். வீட்டை மட்டும் பார்த்தேன். வின்சனும் சொல்லவில்லை. கேட்டால், "நீதானே மச்சான் வாவிக்காரன்."

சுருட்டும் நமுத்துவிட்டது. இழுக்க இழுக்க அணைகிறது.

கார்த்திகை 15, திங்கள்

பிள்ளைக்கு இழுப்பு இல்லை. அதனால்தான் வேலையை மறுபடி தொட்டேன்.

காற்றோடு மல்லுக்கட்டக் கூடாது. வடக்கு ஓட்டை காற்று உள்ளே வர. மழை அடிக்காமல் மேலே சாய்வாக ஒரு தகரம். ஃபேனைக் கழற்றி மேற்குச் சுவரில், வாவிப் பக்கம். இன்னொரு ஓட்டை. மருமகன் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா, சுவர் ஏதும் மிஞ்சுமா?"

பிள்ளையைத் தாய்வீட்டுப் பக்கம் கொண்டுபோகச் சொல்லிவிட்டுப் பத்திப் பார்த்தோம் என்று எழுத வந்தேன். இதுதானே புவனாவின் தாய்வீடு. எழுதும்போதுதான் புரிகிறது. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பத்திப் பார்த்தோம்.

புகை நேரே வாவிக்கு. புவனா ஒவ்வொரு அறையாக மோந்து பார்த்தாள். தலையணையையும்.

"சரி" என்றாள்.

கார்த்திகை 16, செவ்வாய்

கொட்டும் மழை. உள்ளே காய்ந்த காற்று, இரண்டு கதிரை, கவிழ்த்த வாளி மேசை. சுருட்டைக் குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் சூடு பட வைத்திருந்தேன், நன்றாகப் பிடித்தது. வின்சன் மனைவியைப் பற்றிப் பேசினான். அவள் மீன் பொரிக்கும்போது பாடுவாளாம். இவ்வளவு காலத்தில் எனக்கு அது தெரியாது.

கார்த்திகை 18, வியாழன்

மழை. கராஜுக்குள் ஒரு கயிறு. அதில் பிள்ளையின் சட்டைகள் சில. ஒரு வாரமாகக் காயாத உடுப்பு, இங்கே ஒரு பகலில் காய்ந்துவிட்டதாம். "ஒரு மூலையிலதானே அப்பா" என்றாள் புவனா.

கார்த்திகை 19, வெள்ளி

கயிறு நான்கு. சாரம், பிள்ளையின் துணி, படுக்கை விரிப்பு, மருமகனின் காக்கி. பக்கத்து வீட்டுக்காரியின் சேலை ஒன்றும். என் கதிரையில் தலையணை காய்கிறது. ஃபேன் முழு வேகம்.

கதவில் ஒரு தாள்: "அப்பா, உடுப்புக் காயுது. பிள்ளைட உடுப்பில சுருட்டு மணம் ஏறும். பத்த வேணாம். புவனா."

எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன். எனக்கென்று ஒருவர் எழுதி நான் வாசித்த முதல் எழுத்து. சந்தோஷமாக இருந்தது. பிறகு என்ன எழுதியிருக்கிறது என்று விளங்கியது.

சண்டைக்குப் போனேன். பிள்ளை காய்ந்த சட்டையோடு ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். திரும்பி வந்துவிட்டேன்.

வின்சனுக்கு ஃபோன்.

"கராஜ் போச்சு மச்சான். உடுப்புக் காயுது. பத்த ஏலா."

"உடுப்பா?"

"ஓம்."

"காயுதா?"

"காயுது எண்டுதானே சொல்லுறன்."

"ம்." வைத்துவிட்டான்.

முடிந்தது. போன மாரி மாதிரித்தான்.

கார்த்திகை 21, ஞாயிறு

மழை விடவில்லை. மூன்று மணியிருக்கும், வாசல் படலையில் சைக்கிள் மணி. வின்சன், மாதா கோயில் பூசை முடிந்து அதே வெள்ளைச் சட்டையோடு, தொப்பலாக. கரியரில் பெரிய பை. சுருட்டுக் கட்டு என்று நினைத்துக் கை நீட்டினேன்.

"சுருட்டு எங்க?"

"கொண்டரல்ல. பத்த ஏலா எண்டாயே."

பைக்குள் அவனுடைய ஈர உடுப்பு. சாரம், சட்டை, இரண்டு துவாய், மேசை விரிப்பு ஒன்று. எனக்கும் ஒரு பிடி கிளிப் தந்தான். இருட்டும் வரைக்கும் காயப் போட்டோம், பேசிக்கொண்டே. மேசை விரிப்புக்கு இடமில்லை. ஐந்தாவது கயிறு கட்ட நாளைக்கும் வருகிறானாம்.