முதல் கப்பல்

19.04.2009, ஞாயிறு

லண்டன் வால்தம்ஸ்டோவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பீட்டர் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. ரஷ்யாவின் வடகோடியில், ஆர்க்டிக் கடலோரத் தீவொன்றில் வாழ்ந்த துறவிகளின் வரலாற்றை எழுதியவர். இப்போது மறதி நோய் முற்றி, தானும் அந்த மடத்தில் இருப்பதாக நினைக்கிறார். கடல் உறைந்துவிட்டால் வசந்தம் வரும்வரை அங்கே கப்பலும் போகாது, கடிதமும் போகாது என்று முன்பு எனக்குச் சொல்லியிருக்கிறார்.

இன்றைக்கு ஓட்ஸ் கஞ்சியோடு போனேன்.

"முதல் கப்பல் வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

"ஓம், வந்திட்டுது."

"கடிதம்?"

"வந்தது. வீட்டில எல்லாரும் சுகமாம்."

உடனே வாயைத் திறந்தார். கிண்ணம் முழுவதையும் குடித்து முடித்தார்.

எனக்குத்தான் தாங்க ஏலாமல் போய்விட்டது. சண்டை நடக்கும் வன்னியிலிருக்கும் அண்ணையிடமிருந்து தைக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. பீட்டர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, தன் போர்வை நுனியால் துடைத்துவிட்டார்.

"உமக்குக் கடிதம் வரேல்லையோ? அடுத்த கப்பல் இருக்குது."

நான் பொய் சொன்னது பிழையோ தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னதை வீடு வரும்வரை பஸ்ஸில் நம்பிக்கொண்டே வந்தேன்.