ஆணியில் ஒரு வளையம் குறைகிறது

கடையிலிருந்து,
புதன்கிழமை மத்தியானம்.

என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் அனுப்பிய துப்பாக்கிக் குழல் நேற்று வந்தது. பிரித்தேன், துடைத்தேன், விளையாட்டுத் துப்பாக்கியில் மாட்டிப் பின்பக்க மைதானத்தில் நூறு பெயின்ட் குண்டு சுட்டும் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கோபமே அதுதான்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நான் பேசினால் நீங்கள் ம், ம் என்பீர்கள், நான் வைத்துவிடுவேன். எழுதிப் போட்டால் படித்துத்தானே ஆக வேண்டும்.

வீட்டில் எல்லோரும் சுகம். மைதானத்து வலை மேற்கு மூலையில் கிழிந்து, தைத்தாகிவிட்டது. சின்னவளுக்கு முன்பல் விழுந்தது. பெட்டிக்குள் இருந்த போட்டோவை அவள்தான் முதலில் எடுத்தாள். வேலைக்குப் போன ஊரில், அந்தப் பெரிய கம்பெனியின் ஸ்டோருக்குள் நீங்கள் நின்று சிரிக்கிறீர்கள். பக்கத்தில் வாட்ச் கட்டிய ஒரு கை மட்டும் தெரிகிறது. அப்பாவுக்கு மூணு கையா என்று கேட்டாள். அது ஸ்டோர் மேடத்தோட கையாக இருக்கும், பல்லைத் தேய்ச்சுட்டுப் படு என்றேன். மணி அப்போது சாயங்காலம் நாலுதான் ஆகியிருந்தது.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஸ்டோர் மேடம் ஏழு இடத்தில் வருகிறார். நான் இரண்டு இடத்தில் வருகிறேன், அதில் ஒன்று விலாசம். சரி, கூட வேலை பார்க்கிறவரைப் பற்றி எழுதத்தான் செய்வீர்கள். எனக்குச் சுருக்கென்றது வேறு இடத்தில். குண்டு தூரம் போவது குழலோட நீளத்தில் இல்லை என்பது ஸ்டோர் மேடம் சொல்லித்தான் புரிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் பழைய கார் டிக்கியில் முகக் கவசமும் குண்டுப் பையும் வைத்து நான் விற்றுக்கொண்டிருந்தபோது, பதினெட்டு அங்குலக் குழல் வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றார். என்னிடம் இருந்தது, விற்றிருந்தால் நல்ல லாபம். நான் விற்கவில்லை. ஒரு குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது அது கிளம்புகிற வேகத்தைப் பொறுத்தது, அந்த வேகத்துக்கு எல்லா மைதானத்திலும் வரம்பு வைத்திருக்கிறார்கள். பத்து அங்குலத்துக்கு மேல் குழல் நீண்டால் சத்தம் குறையும், சிலிண்டர் காற்று கூடுதலாகச் செலவாகும், தூரம் ஒரு முழம்கூட அதிகமாகாது. குறி தப்பக் கூடாது என்றால் குண்டு புதுசாக, கோணாத உருண்டையாக இருக்க வேண்டும், துளை அந்தக் குண்டுக்கு அளவாக இருக்க வேண்டும். இவ்வளவையும் வெயிலில் நின்று அவருக்குச் சொன்னேன். நீளம் குறைந்த குழலையும் ஒரு பை நல்ல குண்டையும் கொடுத்து அனுப்பினேன். அடுத்த வாரமே திரும்பி வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். அப்போது நான் சொன்னதெல்லாம் எந்தக் காதில் நுழைந்து எந்தக் காதில் வெளியே போனதோ. பதினொரு வருஷம் கழித்து இன்னொருத்தி சொன்னதும் ஐயாவுக்கு ஞானோதயம்.

குழல் வந்தது தெரிந்து பல் டாக்டர் நேற்றே வந்துவிட்டார். அதே ஆள்தான், சனிக்கிழமை தோறும் வந்து இதைவிடத் தூரம் அடிக்கிற சாமான் இருக்கா என்று உயிரை எடுப்பாரே. அவர் கையில் கொடுத்துச் சுடச் சொன்னேன். ஐம்பது தப்படியில் நிறுத்திய தகரத்தில் பத்துக்கு எட்டு விழுந்தது. இது யாரோட செலக்‌ஷன், பொறுக்கினவங்களுக்குக் கை ராசி போல இருக்கேக்கா என்றார். கையை மட்டும் போட்டோவில் பார்த்தேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை, சிரித்துவைத்தார்.

அவர் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். யாரோ பொறுக்கிக் கொடுத்த குழல் நம் கடைக் குண்டுக்கு இவ்வளவு பொருந்துகிறதே, எப்படி? வெந்நீர் விட்டுக் கழுவி (வேறொருத்தி கைபட்டது, அதனால்தான்) வழக்கம்போல ஒரு குண்டை உள்ளே விட்டு ஊதிப் பார்த்தேன். நம் குண்டு குழல் வாயிலேயே நின்றது. லேசாக ஒரு மூச்சு விட்டதும் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வந்தது. இதைவிடப் பொருத்தம் கிடையாது. சின்னவள் விளையாட உங்கள் ஊர்க் குண்டு நாலு போட்டிருந்தீர்களே, அதையும் விட்டுப் பார்த்தேன். நாலும் ஊதாமலே உருண்டு தரையில் விழுந்தன. இங்கே ஈரக்காற்று, நம் குண்டு எப்போதும் கொஞ்சம் ஊதிப்போய்த்தான் இருக்கும். அங்கே வறட்டுக் காற்று, குண்டு சின்னது. அப்படியென்றால் இந்தக் குழல் அங்கே யாருக்கும் உதவாது. நம் கடைக்காகவே பார்த்து எடுத்தது. நம் குண்டோட அளவு அங்கே எப்படித் தெரிந்தது?

உடனே எழுந்து போய்க் கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற ஆணியைப் பார்த்தேன். குண்டு அளக்கிற பித்தளை வளையம் ஏழு தொங்க வேண்டும். எட்டு மாதமாக ஆறுதான் தொங்குகிறது. நம் குண்டுக்குச் சரியாக இருக்கிற வளையத்தைத்தான் காணோம். பல் டாக்டர்தான் ஞாபகமறதியாகப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார் என்று அவர் வரும்போதெல்லாம் குத்திக் காட்டிக்கொண்டிருந்தேன். பாவம், தலையைச் சொறிந்துகொண்டு தேடிப் பார்க்கிறேன் தேடிப் பார்க்கிறேன் என்பார். எட்டு மாதத்துக்கு முன்னால் ஊருக்குக் கிளம்பும்போது எடுத்துக்கொண்டு போனது நீங்கள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நினைவாக எடுத்துப் போகிறேன் என்று சொன்னால் வாயா வெந்துவிடும்?

சரி, அது தெரிந்ததும் மனசு ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் வியாபாரி. ஒரு வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஸ்டோரில் இருக்கிற குழலையெல்லாம் ஒவ்வொன்றாக அளந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். குறைந்தது இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரம் அந்த வாட்ச் கட்டிய கை உங்கள் பக்கத்தில் நின்று எடுத்து எடுத்துக் கொடுத்திருக்கிறது. என் வளையத்தைத் தொட்டிருக்கிறது. இங்கே கடையில் பத்து நிமிஷம் நில்லுங்கள் என்றால் கால் வலிக்கிறது என்பீர்கள்.

அவர் நல்லவராகத்தான் இருப்பார். விஷயமும் தெரிந்தவர், நான் சொன்னதையே அவரும் சொல்கிறாரே. அதனால்தான் பயமாக இருக்கிறது. ஒன்றும் தெரியாதவளாக இருந்தால் நான் ஏன் பேனாவை எடுக்கிறேன்?

கம்பெனி இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டக் கேட்கிறது, முப்பதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், நீ என்ன சொல்கிறாய் என்று ஓரத்தில் இடுக்கி எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியில் கேட்க வேண்டியதை ஓரத்தில் கேட்டதாலேயே உங்களுக்கும் போட மனசில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். தப்பாக எடுத்துக்கொண்டிருந்தால் தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். போடாதீர்கள்.

முழங்காலுக்கு உறை போடாமல் மைதானத்தில் இறங்க வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுங்கள். ஸ்டோர் மேடத்துக்கு என் நன்றியைச் சொல்லுங்கள், நின்றுகொண்டே சொன்னால் போதும்.

உங்களுக்கு ஒரு குறையும் வராது. நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
அன்றைக்குப் பதினெட்டு அங்குலம் விற்காதவள்.

பி.கு.: பல் டாக்டர் இன்று காலையும் வந்து குழலைக் கேட்டார். பேசி முடித்துவிட்டோம். விலை, நீங்கள் கொடுத்ததைப் போல் இரண்டு பங்கு. கெடு, முப்பதாம் தேதி சாயங்காலம் கடை அடைக்கிற வரை. அதற்குள் ஏழாவது வளையம் அதை எடுத்தவர் கையாலேயே ஆணிக்குத் திரும்பிவிட்டால் குழல் விற்பனைக்கு இல்லை. தபாலில் வந்தால் செல்லாது. அவர் சம்மதித்துவிட்டார்.