அப்பா போனில் சொன்ன யெஸ்

த்ரீ கிங்ஸ், ஒக்லாந்து
17 ஓகஸ்ட் 2025, ஞாயிறு

அன்பு மகன் ஜெனிஸ்ரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். டப்ளினில் நீயும் றொஷானியும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனதுதான் சரியில்லை. போனில் சொல்லலாம் என்றால் நான் வாய் திறக்க முன்னமே 'விடுங்கோம்மா, நான் பாக்கிறன்' என்று முடித்துவிடுவாய். அதனால்தான் பூசையால் வந்த கையோடு எழுத உட்கார்ந்தேன். படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், கடைசிவரை வாசி.

அப்பா உன்னிடம் ஆயிரத்து நானூறு டொலர் கேட்டிருக்கிறார், 'அம்மாவுக்குச் சொல்லாதை' என்றும் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியும். 'ஓகே அப்பா, சம்பளம் வந்ததும் போடுறன்' என்ற உன் பதில் ஐபாடில் எல்லோரும் பார்க்கக் கிடந்தது. எனக்கு வந்த கோபத்தில் அன்று சோறு அடிப்பிடித்துவிட்டது. எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருந்தால் அது நாங்கள் கொடுக்கவேண்டாத காசு என்று உனக்கே விளங்கியிருக்கும்.

போன வருசம் கிளென்ஃபீல்டில் ஒரு கடையில் மீன் வைக்கப் பெரிய பிறீசர் ஒன்று தவணைக்கு எடுத்தோமே, நினைவிருக்கிறதா? மூன்றாம் கிழமையே அது நின்றுபோய், முப்பது கிலோ மீன் நாறி, பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்ததை உனக்கு வீடியோவில் காட்டினேன். கடைக்காரர் தானே வான் கொண்டுவந்து ஏற்றிப்போனார். 'பழுது, திருப்பி எடுத்தாயிற்று, மீதி கட்டத் தேவையில்லை' என்று ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். அதையும் நான்தான் கேட்டு வாங்கினேன். 'மனுசன் வாயாலை சொன்னால் காணாதோ' என்று அப்பா என்னோடு ஏறி விழுந்தார். இப்போது அந்தக் கடையும் இல்லை. பூட்டிக்கொண்டு போகும்போது அப்பாவின் பெயரில் கிடந்த கணக்கையும் சேர்த்து ஒரு கொம்பனிக்கு விற்றுவிட்டார்கள். கடனை விற்கலாம் என்பதே எனக்கு இந்த வயதில்தான் தெரியும்.

போன மாதம் அந்தக் கொம்பனிப் பெண் அப்பாவுக்குப் போன் எடுத்தாள். அப்பா கதை கேட்கிற விதம் உனக்குத் தெரியும்தானே. எதிரில் இருப்பவர் ஒரு வசனம் சொன்னால் ஒரு 'ஓம்' போடுவார். கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்று அதற்குப் பொருள். அப்படி ஓம் போட்டுப் போட்டே கோயில் கூட்டத்தில் இரண்டு வருசத்துக்குச் செயலாளராகி வீட்டுக்கு வந்தவர் அல்லவா! இந்தப் பெண்ணிடம் அதையே ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார். இந்தக் கடன் உங்களுடையதா? யெஸ். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அறுபது டொலர் கட்டுவீர்களா? யெஸ், யெஸ். அடுத்த கிழமை கடிதம் வந்து நிற்கிறது, 'தொலைபேசியில் நீங்கள் ஒப்புக்கொண்டபடி' என்று. வங்கியிலிருந்து தாங்களே காசு எடுக்க ஒரு படிவமும் உள்ளே. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைத்து அனுப்பவேண்டுமாம், ஆயிரத்து நானூறையும் ஒரேயடியாகக் கட்டினாலும் நல்லதாம்.

நான் அந்தக் கொம்பனிக்குப் போன் எடுத்து, ஆள் வரும்வரை நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டேன். கடைசியில் ஒருவன் வந்து, கடையோடு நடந்தது தங்களுக்குத் தெரியாது, தாங்கள் கடனை வாங்கியவர்கள் மட்டும்தான், கடையைக் கேளுங்கள் என்றான். பூட்டிக் கிடக்கிற கடையின் கதவையா கேட்பது? உன் தம்பி கிளின்ரனிடம் சொன்னால் அவன் வழக்கம்போல ஆங்கிலத்தில், கட்டித் தொலையுங்கள், இதற்குப் போய் மண்டையை உடைப்பானேன் என்கிறான். பிறகு நூலகத்தில் இலவசமாகச் சட்ட உதவி செய்கிற கஜானி என்ற பிள்ளையிடம் போனேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பொறுமையாகச் சொன்னாள். 'அன்ரி, கடைக்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுமொழி எதுவோ, அதைக் கடனை வாங்கினவைக்கும் சொல்லலாம். கடையிட்டை இல்லாத உரிமையைக் கடை விக்கேலாது' என்றாள். அப்பா போனில் சொன்ன யெஸ்ஸால் இல்லாத கடன் வந்துவிடாதாம். ஆனால் ஒரு தவணையென்றாலும் கட்டினால், ஏற்றுக்கொண்டுதான் கட்டினீர்கள் என்று அதைப் பிடித்துக்கொள்வார்களாம், பிறகு வாதாடுவது கஷ்டமாம். கடைக்காரர் தந்த துண்டின் பிரதியும் வைத்து மறுப்புக் கடிதம் ஒன்று எழுதித் தந்தாள். கணக்கு அப்பாவின் பெயரில் என்பதால் அவர்தான் கையெழுத்து வைக்கவேண்டும்.

வைக்கிறாரா? இல்லை. படிவம் ஒரு பக்கம், மறுப்புக் கடிதம் ஒரு பக்கம், இரண்டும் நான்கு நாளாகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கின்றன. 'நான் யெஸ் சொன்னனான் டோறின். சொல்லிப்போட்டு இப்ப இல்லையெண்டால் நான் ஆர்?' என்கிறார். கடைக்காரர் எழுதித் தந்தது மறந்துவிட்டது, தன் வாயிலிருந்து தவறி விழுந்த ஒரு சொல் மட்டும் சத்தியமாகிவிட்டது. ஒரு களவும் செய்யாத மனிதர் தபால்காரரைக் கண்டு உள்ளே போகிறார். பார்க்க எனக்கு எரிச்சலாகவும் இருக்கிறது, அழுகையாகவும் இருக்கிறது.

நான் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன், இனி நீதான் சொல்லவேண்டும். உன் படிப்புக்கும் கலியாணத்துக்கும் ஓடித் திரிந்த மனிதர் உன்னிடம் இதுவரை ஒரு சதம் கேட்டதில்லை. முதல்முதலாகக் கேட்டிருக்கிறார். அதைக் கொடுக்காதே என்று நானே எழுதவேண்டியிருக்கிறது. ஆனால் உன் காசு வந்தால் அவர் கட்டிவிடுவார். கட்டிவிட்டு, வாங்கிய கடனை மகன் காசில் அடைத்தவன் என்று சாகும்வரை தன்னை நினைத்துக்கொண்டிருப்பார்.

உன் குடும்பத்துக்குக் கர்த்தரின் ஆசீர் எப்போதும் இருக்கட்டும். பிள்ளைக்கு என் முத்தம். வியாழக்கிழமைக்குள் அப்பாவுக்கு எடு, மறந்துவிடாதே. கையில் காசில்லை என்று பொய் சொல்லவேண்டாம், உனக்கு ஏதோ கஷ்டம் என்று அந்தக் கவலையையும் தூக்கிக்கொள்வார். 'தரமாட்டன் அப்பா, நீங்கள் கடன்காரன் இல்லை' என்று அவர் காதில் விழச் சொல்.

உன் அம்மா,
டோறின் டொமினிக்