நான்காம் நோயாளி

வாழவந்தி நாடு, கொல்லிமலை
12 பிப்ரவரி 1938

டாக்டர் அவர்களுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.

நரம்பு நோய் பற்றிய உங்கள் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சாகி வந்தது. அதில் உங்கள் மனைவி இல்லை, நான்காம் நோயாளி இருக்கிறாள். ‘முப்பது வயதுப் பெண். படுத்த படுக்கை. இனி நடக்க வாய்ப்பில்லை.’ எப்போது பார்த்தீர்கள்? என்னை டோலியில் ஏற்றி அப்பாவின் மிளகுத் தோட்டத்துக்கு அனுப்பி இரண்டு வருஷமாகிறது. ஒருநாள்கூட நீங்கள் மலையேறவில்லை.

கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது, தினமும் வெந்நீர் ஒத்தடம் என்றீர்கள். ஒத்தடம் கொடுத்த நாளெல்லாம் கால் இன்னும் துவண்டது. ஐந்து கடிதங்களில் அதை எழுதினேன். ‘ஓய்வெடு’ என்று ஒரு கார்டு வந்தது.

என்னைக் கவனித்துக்கொள்ளும் சின்னாயிதான் அந்த வெந்நீரைக் கீழே கொட்டினாள். கால் மரத்துப்போச்சு என்று அழுதேன். “மரத்துப்போச்சுன்னா மரத்தப் புடிச்சுக்கிட்டு நடங்க, சாமி” என்று மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே என்னை நிறுத்தினாள். முதல் மாதம் இரண்டு மரம். நேற்று நாற்பத்தொன்று. நாள்தோறும் குறித்து வைத்திருக்கிறேன். ஆராய்ச்சி என்றால் அதுதானே?

கட்டுரையைத் திருத்துங்கள். சின்னாயி பெயரையும் போடுங்கள். கண்ணால் பார்க்காமல் எழுத மாட்டேன் என்று நீங்கள் சொல்ல முடியாது, பார்க்காமல்தான் எழுதினீர்கள். ஆனாலும் பார்க்க வேண்டுமென்றால் புளியஞ்சோலை வழியே ஏறி வாருங்கள். செங்குத்தான ஏற்றம். பாதியில் கால் மரத்துப்போனால், பக்கத்தில் மரம் இருக்கும். பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இதை நடந்துபோய்த் தபாலில் சேர்க்கப்போகும்
நான்காம் நோயாளி