நம் லாரியில் இல்லாத சத்தம்

சேசு மரி சூசை துணை

நாயுடுபுரம், கொடைக்கானல்
மார்ச் 12, வியாழன்

அன்பு மகன் டிக்சனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நலமாக இருக்கிறோம், அங்கே நீயும் ஜென்சியும் சுகமாக இருக்க மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். உடம்பளவில் என்று எழுதியதைப் பார்த்துப் பதறாதே, யாருக்கும் காய்ச்சல்கூட இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி போன மாதத்துக்கு இப்போது பரவாயில்லை, ஆனாலும் குளிர் இன்னும் விட்டபாடில்லை, காலையில் எழுந்து நடக்க அரை மணி நேரம் ஆகிறது. திங்கட்கிழமை ஒரு காட்டுமாடு வேலியை முறித்துக்கொண்டு உள்ளே வந்து அவள் போட்டிருந்த பீன்ஸ் கொடியை மொத்தமாக மேய்ந்துவிட்டுப் போனது, அதை ஒரு மணி நேரம் நின்று திட்டினாள், என்னைத் திட்டுவதைவிட நன்றாகவே திட்டினாள். ஜென்சிக்கு ஐந்தாம் மாதம் என்பதால் படி ஏறி இறங்க விடாதே, வெந்நீர்தான் குடிக்க வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்து இந்தக் கடிதத்தில் இருப்பது இவ்வளவுதான்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அப்பா என்று கூப்பிட்டதும் எனக்கு வாய் அடைத்துக்கொள்கிறது, பக்கத்தில் அம்மா வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தபால் வந்து சேர இரண்டு வாரமாவது ஆகும், அதனால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கும் அனுப்புகிறேன், ஆனால் தாளும் வரும், என் கையெழுத்து உன்னிடம் இருக்கட்டும். போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதற்குத்தான் இது பதில். அப்பா, கவலப்படாதீங்க, நம்ம லாரியில ரிவர்ஸ் பஸ்ஸர் அடிச்சதுக்கு எங்கிட்டயே ஆதாரம் இருக்கு, பொம்ம லாரிக்காக ஆகஸ்ட்ல நீங்க எடுத்து அனுப்புன சத்தம் தேதியோட கம்ப்யூட்டர்ல கெடக்கு, வக்கீலுக்கு அனுப்பிர்றேன் என்றாய். நானும் சரிப்பா என்றேன். வக்கீலிடம் சொன்னதும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இந்த வாரத்துக்குள்ள வந்துரணும் என்றார். அதை அவருக்கு அனுப்பாதே டிக்சன். அனுப்பியிருந்தால் தப்பாக அனுப்பிவிட்டேன் என்று சொல்லிவிடு. அது நம் லாரியின் சத்தம் இல்லை.

நீ அந்தப் பொம்மை லாரியைச் செய்ய ஆரம்பித்தபோது நான் உன்னை எவ்வளவு கேலி செய்தேன். இங்கே அவனவன் முழு லாரிக்கு லைட் போட ஆள் கிடைக்காமல் அலைகிறான், இவன் ஜெர்மனிக்குப் போய் முழ நீள லாரிக்கு லைட் போட்டுக்கொண்டிருக்கிறானே என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பேன். ஆனால் நீ ஒவ்வொரு சத்தமாகக் கேட்டு வாங்கினபோது எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. குளிரில் ஸ்டார்ட் செய்தால் நம் லாரி இரண்டு தடவை செருமிவிட்டுத்தான் எழும், அதைக்கூட விடவில்லை நீ. செகண்ட் கியரில் மேடு ஏறும் சத்தம், ஏர் பிரேக் மூச்சு விடுவது, ஹாரன், சிக்னல் போட்டால் உள்ளே டிக் டிக் என்று கேட்பது எல்லாம் போனில் பிடித்து அனுப்பினேன். கடைசியாகத்தான், வண்டி பின்னால் போகும்போது கத்துகிற ரிவர்ஸ் பஸ்ஸரைக் கேட்டாய். அது அதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே, ஜூன் மழையில் தண்ணீர் புகுந்து, வண்டி நின்றாலும் விடாமல் கத்த ஆரம்பித்திருந்தது. விடியற்காலையில் தெருவே எழுந்து என்னை ஏசியது. நானே கட்டிங் பிளேயரை எடுத்துப் போய் ஒயரைப் பிடுங்கி டேப் சுற்றிவிட்டேன். காய்ந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அப்புறம் அந்த நினைப்பும் போய்விட்டது. பொம்மைக்கே பஸ்ஸர் வைக்கிற மகனிடம், நம் வண்டியில் இல்லையப்பா என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அன்றைக்கு ஆயக்குடியிலிருந்து கொய்யா ஏற்றி வந்த கந்தவேல் லாரி மார்க்கெட்டில் நின்றது. அவனைக் கொஞ்ச தூரம் பின்னால் எடுக்கச் சொல்லி அந்தச் சத்தத்தைப் பிடித்து உனக்கு அனுப்பினேன். செம க்ளியரா இருக்குப்பா என்று நீ பதில் போட்டாய்.

பிப்ரவரி பத்தாம் தேதி வில்பட்டியில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நான் சொன்ன வரைக்கும்தான் தெரியும். காலை எட்டரை மணி, நல்ல வெயில், பனி என்றோ மழை என்றோ சாக்குச் சொல்ல வழியில்லை. கேரட் கழுவும் இடத்தில் டிரம் சுற்றிக்கொண்டிருந்தது, தண்ணீர்ச் சத்தமும் மோட்டார் சத்தமும் உனக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். வேலுத்தாயும் இன்னும் மூன்று பெண்களும் சாக்கை விரித்து, வண்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கேரட் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் முன்னால் நின்று ஒட்டன்சத்திரத்துக்கு எத்தனை மூட்டை என்று பேசிக்கொண்டிருந்தேன். நம் டிரைவர் சிவமுருகன் இரண்டு கண்ணாடியையும் பார்த்துத்தான் லாரியைப் பின்னால் எடுத்தான், வேலுத்தாய் இருந்த இடம் எந்தக் கண்ணாடியிலும் விழாது. பின்னால் நின்று வரலாம் வரலாம் என்று சொல்ல ஆளும் இல்லை, கண் பார்வை சரியில்லை என்று மலைச்சாமி தீபாவளியோடு நின்ற பிறகு நான் வேறு கிளீனர் வைக்கவில்லை. மற்ற மூன்று பேரும் அலறி எழுந்துவிட்டார்கள். அவள் எழவில்லை. சத்தம் கேட்டு எல்லோரும் அவளைத் தூக்க ஓடினார்கள். நானும் ஓடினேன், ஆனால் லாரிக்குப் பின்னால் ஓடினேன். அவளை எடுத்துப் போட்ட இடத்துக்கு மூன்றடி தள்ளி, குனிந்து, டேப்பைப் பிரித்து ஒயரை முறுக்கி மாட்டினேன். எட்டு மாதமாக எனக்கு நேரம் கிடைக்காத வேலை ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நிமிர்ந்தபோது சிவமுருகன் கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றான். அவளைக் கீழே வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது.

மறுநாள் மோட்டார் இன்ஸ்பெக்டர் வந்து ரிவர்ஸ் கியர் போடச் சொன்னார், பஸ்ஸர் நன்றாகவே அடித்தது, வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டார். அப்போது கூட்டத்தில் யாரோ, அந்தம்மாவுக்குக் காது மந்தமோ என்னமோ என்றார்கள். எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். நான் அப்படித்தான் போலிருக்கிறது என்றேன். இப்போது அதுவும் எழுத்தில் ஏறிவிட்டது. கேஸ் முழுக்க சிவமுருகன் மேல், ஜாமீனில் இருக்கிறான், லைசென்ஸ் போகும், ஜெயில்கூட வரலாம். அந்த பஸ்ஸரை மாட்டச் சொல்லி அவன் என்னிடம் மூன்று தடவை கேட்டவன், கடைசியாகக் கேட்டது ஜனவரியில். அதை ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாதே என்று நானும் கேட்கவில்லை, கேட்காமலே அவன் வாயை மூடிக்கொண்டதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. காரியம் முடிந்த மறுநாள் வேலுத்தாயின் மகள் தமிழ்மதி நம் வீட்டு வாசலுக்கு வந்தாள், நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளை, அவளுக்கு அம்மாவைத் தவிர யாரும் இல்லை. அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. எங்கம்மா அடுப்படியில இருந்துக்கிட்டே ரோட்டுல திரும்புற பஸ்ஸு எதுன்னு சத்தத்த வச்சே சொல்லிரும்ங்க, அதுக்குக் காது கேக்காதுன்னு எழுதியிருக்காங்க, நீங்க அங்கனதான நின்னீங்க, சத்தம் வந்துச்சாங்க என்று கேட்டாள். வந்ததும்மா என்று சொன்னேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். தவக்காலம் என்பதால் அந்த வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். சாமியாரிடம், கோபப்பட்டேன், இரண்டு ஞாயிறு பூசைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இப்படி ஒரு கோழையை இத்தனை வருஷமாக அப்பா என்று கூப்பிட்டிருக்கிறாய்.

நேற்று மத்தியானம் சிவமுருகன் வீட்டுக்கு வந்தான், வாய்தா தேதியைச் சொல்லிவிட்டுப் போக வந்தவன். ஆள் பாதியாக இளைத்துவிட்டான். அவனைப் பார்த்து மனசு கேட்காமல் அம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு நீ சிநேகிதன் கையில் கொடுத்தனுப்பிய அந்த லாரியை அலமாரியிலிருந்து எடுத்தாள், ஒங்க வண்டியத்தான் எம்மவன் அச்சு அசலா செஞ்சிருக்கான் பாருப்பா என்று சொல்லி ரிமோட்டை என் கையில் திணித்தாள். ஸ்டார்ட் ஆகும்போது அது இரண்டு தடவை செருமியது, சிவமுருகன் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டான், ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். ஹெட்லைட் போட்டுக் காட்டினேன், டிம், பிரைட், மஞ்சள் லைட், சிக்னல், எல்லாம் எரிந்தது. நிறுத்தினால் சிவப்பு எரிந்து ஏர் விடுகிற சத்தம் வந்தது. சுவர் வரைக்கும் போய்விட்டது, திருப்பிக் கொண்டுவர வேண்டும், நான் யோசிக்காமல் பின்னால் இழுத்துவிட்டேன். அதற்குத் தனியாக எதையும் அமுக்க வேண்டாம், பின்னால் போனாலே தானாக அடிக்கிற மாதிரி செய்திருக்கிறாய் அல்லவா, வெள்ளை லைட் எரிந்து, கந்தவேல் லாரியின் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. அது அவன் காலுக்கு வந்து முட்டுகிற வரைக்கும் எனக்குக் கை எடுக்க வரவில்லை. சிவமுருகன் டம்ளரைக் கீழே வைத்தான். பொம்மைக்கு இருக்கு, நமக்கு இல்லாமப் போச்சேண்ணே என்றான். அவ்வளவுதான் சொன்னான், பாதி டீயோடு எழுந்து போய்விட்டான். என்னங்க சொல்லிட்டுப் போகுது அந்தப் புள்ள என்று அம்மா என்னைக் கேட்டாள். நான் லாரியை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. காலையில் முதலில் வில்பட்டிக்குப் போய் தமிழ்மதியிடம் சொல்லப் போகிறேன், உங்கம்மாவுக்குக் காது நன்றாகத்தான் கேட்டது, கேட்பதற்குத்தான் அங்கே ஒன்றும் இல்லை என்று. அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போய், இதில் எழுதியிருப்பதையே எழுதிக் கொடுக்கப் போகிறேன். மெயின்டனன்ஸ் பார்க்காதது ஒன்று, ஒயரை மாட்டி ஏமாற்றியது ஒன்று, பொய் சொன்னது ஒன்று, எதற்கு எந்தச் செக்‌ஷன் என்று எனக்குத் தெரியாது, எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்வேன். பயமாகத்தான் இருக்கிறது டிக்சன். இதனால் சிவமுருகனை முழுசாக விட்டுவிடுவார்கள் என்று யாரும் சொல்ல முடியாது, வேலுத்தாய் எழுந்து வரப்போவதும் இல்லை. அம்மாவிடம் இன்று சாயங்காலம் சொல்லப் போகிறேன், ஸ்டேஷனைவிட அதுதான் எனக்குக் கஷ்டம். நீ தினமும் அவளுக்குப் போன் செய், என்னைப் பற்றிப் பேசாவிட்டாலும் பரவாயில்லை, பீன்ஸ் கொடியைப் பற்றிப் பேசு. லீவு போட்டு ஓடி வராதே, ஜென்சியை இந்த நிலையில் தனியாக விடக்கூடாது. உன் காரில் எது கெட்டாலும், ஒரு சின்ன பல்பாக இருந்தாலும், அன்றைக்கே பார்த்துவிட்டுத்தான் அடுத்த தடவை சாவி போட வேண்டும். இதை அப்பா புத்தி சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே, கெஞ்சிக் கேட்பதாக எடுத்துக்கொள்.

உனக்கும் ஜென்சிக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். அதைக் கொடுக்கிற யோக்கியதை எனக்கு இன்று இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் என்னிடம் உனக்குக் கொடுக்க வேறு என்ன இருக்கிறது. மாதா உங்கள் மூவரையும் கைவிடாமல் காப்பாற்றட்டும்.

மறக்காமல் ஒன்று செய்ய வேண்டும். கந்தவேல் லாரியைப் பிடித்த அந்த ஆடியோ என் போனில் இல்லை, இடம் போதவில்லை என்று எப்போதோ அழித்துவிட்டேன், உன்னிடம்தான் இருக்கிறது. நீ பொம்மைக்காக முதல் நாலைந்து விநாடியை மட்டும் வெட்டி எடுத்திருப்பாய், மிச்சத்தைக் கேட்டிருக்க மாட்டாய். கடைசி வரைக்கும் கேள். சத்தம் நின்றதும் கந்தவேல் குரல் வரும், ஏண்ணே, ஒங்க வண்டியிலயும் இது இருக்குமே, எதுக்கு என் வண்டியப் புடிக்கிறீங்க என்று கேட்பான். பிறகு ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கும், சிரிப்பது நான்தான். எங்க வண்டியில ஒயரப் புடுங்கிப் போட்டுட்டேன்ப்பா, நாளைக்கு வெள்ளனே மாட்டிருவேன் என்று சொல்லியிருப்பேன். தமிழ்மதியின் நம்பரை இதோடு தனியாக அனுப்புகிறேன். அந்த ஆடியோவை அவளுக்கு அனுப்பு, என் சிரிப்பை வெட்டாமல் அனுப்பு.

இப்படிக்கு
உன் அப்பா
ச. லூர்துசாமி