சுகந்தியின் குறட்டையைப் பற்றி உங்களுக்கு

நாற்பத்தொரு வருடம் பெயர் சொல்லாமல் ‘இஞ்சாருங்கோ’ என்றே நான் கூப்பிட்ட என் அன்பானவருக்கு,

வெள்ளவத்தையில் எல்லோரும் சுகம். நம் மகள் சுகந்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதறாமல் வாசியுங்கள், முடிவு நல்லதுதான்.

இரண்டு மாதத்துக்கு முன் காலி வீதிச் சிக்னலில் கார் ஓட்டிக்கொண்டிருந்தவள் கண்ணயர்ந்து, முன்னால் நின்ற ஓட்டோவில் முட்டிவிட்டாள். ஓட்டோக்காரருக்கு ஒன்றுமில்லை. இவளுக்கு முன்பல் ஒன்று உடைந்தது. “பட்டப்பகலில நித்திரை கொண்டு கார் ஓட்டுறியே, வெக்கமில்லையா?” என்று ஏசினேன். சோம்பேறி என்றுதான் நெடுநாளாய் நினைத்திருந்தேன்.

பல் டொக்டரிடம் நானும் கூடப் போனேன். இளம் பிள்ளை, நல்ல நிதானம். உடைந்த பல்லை விட்டுவிட்டு வாய் முழுவதையும் பார்த்தாள். பல்லைக் கடிக்கச் சொன்னாள். பக்கவாட்டிலிருந்து முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “அக்கா, நித்திரையில குறட்டை விடுவீங்களா?”

சுகந்தியின் வாய்க்குள் டொக்டரின் சின்னக் கண்ணாடி இருந்ததால் அவளால் பேச முடியவில்லை. நான் முந்திக்கொண்டேன். “எங்கட வீட்டில பொம்பிளையள் குறட்டை விடுறேல்லை, டொக்டர்.”

உங்களுக்குத் தெரியும், அது எனக்குப் பழகிப்போன பொய். கலியாண வீடுகளில் எல்லோரும் ஹாலில் பாய் விரித்துப் படுக்கும்போது, இவளுக்குத் தலையிடி என்று சொல்லித் தனி அறை கேட்டு வாங்குவேனே. குமர்ப்பிள்ளை குறட்டை விடுகிறாள் என்று ஊர் கதைத்தால் சம்பந்தம் வருமா என்ற பயம். இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. பொய் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

கண்ணாடியை எடுத்ததும் சுகந்தி சிரித்தாள். “வடிவாப் பொய் சொல்லுறீங்கள், அம்மா. நீங்கள் படிச்ச கொன்வென்ட்டில இதையோ படிப்பிச்சவை?”

டொக்டர் சிரிக்கவில்லை. “அன்ரி, நான் சும்மா கேக்கேல்லை. அக்காட கீழ்த் தாடை நல்லாப் பின்னுக்கு நிக்குது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாப் பொருந்தேல்லை. இப்பிடி இருக்கிற எல்லாருக்கும் வருத்தம் எண்டில்லை. ஆனா சில பேருக்கு, நித்திரையில நாக்குப் பின்னுக்குச் சரிஞ்சு மூச்சுப்பாதை அடைபடும். பகல்ல தூங்கி விழுறதும் அதாலயா இருக்கலாம்.”

அப்போதுதான் சொன்னேன். “குறட்டை விடுறவள்தான், டொக்டர். இடையில மூச்சு நிண்டுபோகும். பிறகு திடுக்கிட்டு இழுப்பாள். இவளின்ர அப்பாவுக்கும் அப்பிடித்தான்.” வெளியாள் ஒருவருக்கு அதைச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

உங்கள் தாடைதான் இவளுக்கு. கலியாணப் படத்தில் அது உங்களுக்குச் சாந்தமான முகத்தைத் தந்தது என்று பெருமைப்பட்டவள் நான். உங்கள் மூச்சு நின்றபோதெல்லாம் முழங்கையால் இடித்துத் திருப்பிப் படுக்கவைத்ததும் நான்தான். நீங்கள் நித்திரையிலேயே போனபோது, கொடுத்துவைத்த சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டோ என்று டொக்டரிடம் கேட்டேன். “இப்ப சொல்ல ஏலாது, அன்ரி” என்றாள். அன்று உங்கள் வாயை யாராவது திறந்து பார்த்து இதே கேள்வியைக் கேட்டிருந்தால்? அப்போதும் நான்தானே முந்திக்கொண்டு பதில் சொல்லியிருப்பேன்?

நித்திரைப் பரிசோதனை செய்தார்கள். டொக்டர் சொன்ன அந்த மூச்சடைப்பு வருத்தம் இருக்கிறதுதான். படுக்கும்போது கீழ்த் தாடையை முன்னுக்குப் பிடித்துவைக்க, பல்லின் மேல் மாட்டும் ஒரு கருவியை அளவெடுத்துச் செய்து கொடுத்திருக்கிறார்கள். முதல் வாரம் தாடை நோகிறது என்று முணுமுணுத்தாள். காலையில் எழும்போது உண்மையாகவே வந்துகொண்டிருந்த தலையிடி இப்போது இல்லை. மத்தியானத்தில் தூங்கி விழுவதும் குறைந்திருக்கிறது.

போன ஞாயிறு மத்தியானம் அதை மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள். வீடு அமைதியாய் இருந்தது. எனக்கு அந்த அமைதி பழக்கமில்லை, பயந்துபோனேன். மூக்கருகில் விரலை வைத்தேன். இளஞ்சூடாய்க் காற்று, ஒரே சீராய்.

ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். வாயில் கருவியோடு மழலையாய், “உயிரோடதான் இருக்கிறன், அம்மா. போய்த் தேத்தண்ணி போடுங்கோ” என்றாள்.

கருவி போதுமா என்று இன்னொரு பரிசோதனைக்குப் பிறகுதான் சொல்வார்களாம். போதாவிட்டால் காற்றுத் தள்ளும் மெஷின் இருக்கிறது. அதுவரை கார்ச் சாவி என் கைப்பையில். அந்தப் பரிசோதனைக்கும் கூடப் போவேன். கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொல்வேன். நீங்கள் அங்கே தனியாய் இருப்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கோபிக்காதீர்கள். மகளை நான் இலேசில் உங்களிடம் விடப்போவதில்லை.

என்றும் உங்கள் மனைவி,
சுகந்தியின் அம்மா