நீல நூல் கட்டிய கிளை

மார்ச் 8, ஞாயிறு

காலை ஏழுக்கே மாடித் தரையில் கால் வைக்க முடியவில்லை. தொட்டிகளின் விளிம்பில் மறுபடியும் வெள்ளைப் படிவு. போர்வெல் தண்ணீரின் வேலை. புளி வைத்துத் தேய்த்தேன். பாதி போயிற்று.

பந்துப்பூ இந்த வருடமும் ரோஸ். ஹைட்ரேஞ்சியா என்று சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது, பந்துப்பூ என்றுதான் சொல்வாள். அவள் அனுப்பியதில் இது மூன்றாவது குச்சி. கோத்தகிரியில் அவள் வாசலில் நீலமாகப் பூக்கும் அதே செடி. இங்கே வந்தால் ரோஸ். இந்தத் தடவை தவறவே கூடாது என்று, பூத்திருக்கும்போதே நீலக் கிளையில் நூல் கட்டி அடையாளம் வைத்து, அதையே வெட்டி அனுப்பினாள். நூல் இன்னும் தண்டில் இருக்கிறது. நீல நூல், ரோஸ் பூ. படம் எடுத்து அனுப்பினேன்.

உடனே போன்.

"அடியே, சத்தியமா நீலத்துலதான்டி வெட்டுனேன். எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"விடுக்கா. உனக்கு நீலமும் ரோஸும் ஒண்ணுதான்."

சிரித்தாள். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். மாமா எஸ்டேட் ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆகிவிட்டார். 23ஆம் தேதி குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுக்க வேண்டும். ஆண்டிமடத்தில் மாமாவின் பாகத்துக்கு வந்த வீட்டுக்கே வந்துவிடப் போகிறார்கள்.

"அதுக்குள்ள ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயிடு மேகலா. 22 ஞாயித்துக்கிழம. புதுசா வர்ற ஆளு வண்டி நிறுத்த எடம் வேணும்னு இப்பவே கேக்குறானாம். தோட்டமாவது ஒண்ணாவது. பந்துப்பூவ மட்டும் ஆஸ்பத்திரி நர்ஸம்மா கேட்டிருக்கு, அங்க வாசல்ல வைக்க."

பார்க்கிறேன் என்றேன். 22 எங்கள் சங்கத்துக் கூட்டம் என்பது போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

இல்லை. பேசும்போதே ஞாபகம் இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

அக்கா மலைக்குப் போய் இருபத்தைந்து வருடம் இருக்கும். நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்:

– நித்யா கைக்குழந்தை
– மாமியாருக்குக் கால் எலும்பு முறிந்தது
– மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வரும் என்ற பயம்
– கொரோனா
– சும்மா

சும்மாதான் அதிக வருடங்கள்.

மதியம் வ.மே. போன். வசந்தா மேடம், மாடித்தோட்டச் சங்கத்தின் செயலாளர். போன வருடம் டூர் பஸ்ஸில் இமாச்சலம் போய் வந்ததிலிருந்து அவருக்கு நம் ஊர்ச் செடி எதுவும் கண்ணில் படுவதில்லை. அதன் விளைவு: "உயர்மலைச் செடிகள்: ஒரு நாள் சொற்பொழிவு". பெரம்பலூரில். பங்குனி வெயிலில்.

"மேகலா, மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் உங்க பேச்சு. 'ஒரு மலைத்தோட்டம்: நேரடி அனுபவம்'னு போட்டுட்டேன்."

"நேரடின்னு வேணாமே மேடம்..."

"அட, வாரா வாரம் குரூப்புல படம் போடுறீங்க. உங்கள விட்டா யாரு இருக்கா?"

படம் போடுவது நான். எடுப்பது அக்கா. இதை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போதாவது சொல்லியிருக்கலாம். அழைப்பிதழ் மாதிரியை அனுப்பினார். திருமதி க. மணிமேகலை, பி.எஸ்சி. (தாவரவியல்). பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகளைக் கடைசியாகப் பார்த்தது கல்யாணப் பத்திரிகையில்.

மாவு தீர்ந்துவிட்டது. அரிசி ஊறப் போட வேண்டும்.

மார்ச் 14, சனி

இவர் அரியலூரிலிருந்து வரும்போதே சட்டையெல்லாம் சிமெண்ட் தூசி. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் அக்கா விஷயம் சொன்னேன்.

"போயிட்டு வாயேன். பேச்ச வேற யாராவது பேசட்டும்."

"பத்திரிகை அடிச்சாச்சுங்க."

"அடிச்சா என்ன? உடம்பு சரியில்லன்னு சொல்லு. ஒங்கக்கா என்ன வருஷா வருஷம் வூடு காலி பண்ணுதா?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். கல்லூரி முடிந்த பிறகு என்னை எழுந்து நின்று பேசச் சொன்னவர்கள் சங்கத்துக்காரர்கள்தான் என்று இவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. எண்ணெய் கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை.

மார்ச் 18, புதன்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"என் தோட்டத்தப் பத்தியா? மேடைலயா? எத்தன பேரு வருவாங்கடி?"

"அறுபது பேரு இருக்கும்."

"ஐயோ, மொதல்லயே சொல்லிருந்தா களைய எடுத்திருப்பேன்ல!"

மாலைக்குள் வரிசையாகப் படங்கள். சாமான் கட்டுவதை விட்டுவிட்டு எடுத்திருக்கிறாள். ஜன்னலில் ஏறிய வெள்ளைப் பூ. படியோரம் மஞ்சள். நடுவில் ஒரு படத்தில் கட்டிய பீரோ, அதன்மேல் மாமாவின் குரங்குக் குல்லா. பந்துப்பூ ஒரு கொத்து முன்கூட்டியே பூத்திருக்கிறது. நீலம்.

கடைசியில் குரல்பதிவு. "நீ வர முடியலன்னா பரவால்ல. அங்க பேசுறல்ல. அதுவும் வந்த மாதிரிதான்."

மூன்று தடவை கேட்டேன். குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் தேவலை.

நித்யா ஹாஸ்டலிலிருந்தே படங்களைக் கோத்து அனுப்பிவிட்டாள். முதல் படம்: பக்கத்துப் பக்கத்தில் நீலமும் ரோஸும், மேலே கொட்டை எழுத்தில் "அக்கா செய்த தவறு!" சிரிக்கும் மூஞ்சி ஒன்று. ஆரம்பத்திலேயே சிரிக்க வைக்க வேண்டுமாம். எனக்கும் பிடித்திருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

கல்யாண மண்டபத்தின் மாடி. ஏ.சி. வேலை செய்யவில்லை. நுழைந்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர் மோர். வாசலில் செடி விற்பனை: ரோஜா, செம்பருத்தி, அடீனியம். மலையில் முளைப்பது ஒன்றுகூட இல்லை.

வ.மே. முக்கால் மணி நேரம் இமாச்சலம். அதில் செடி கொஞ்சம், ஓட்டல் ரூம் நிறைய.

அடுத்து ஒரு ஓய்வுபெற்ற தோட்டக்கலைப் பேராசிரியர். நிதானமான மனிதர். மரங்கள் நின்றுபோன உயரத்துக்கு மேலே, பாறை இடுக்கில் வளரும் செடிகளைக் காட்டினார். விரல் உயரம்தான். குளிருக்குக் கம்பளி போர்த்தியது போல இலையெல்லாம் ரோமம். வருடத்தில் கொஞ்ச நாள்தான் பனி விலகுமாம். அதற்குள் முளைத்து, பூத்து, விதை போட்டாக வேண்டும். தள்ளிப்போட்டால் அந்த வருடம் போனது போனதுதான் என்றார். குறித்துக்கொண்டேன். செடியைப் பற்றித்தான் குறித்தேன்.

எனக்குப் பின் வரிசையில்:

"இம்புட்டுக்கூண்டு செடிக்கா இவ்ளோ தூரம் மல ஏறுறாங்க?"

"நம்ம வூட்டு மாடில வச்சா பத்து நிமிஷத்துல அப்பளம்."

பிறகு அவர் மண்ணுக்கு வந்தார். மலை மண்ணில் புளிப்பு அதிகம், நம் மண்ணில் சுண்ணாம்பு அதிகம் என்றார். ஹைட்ரேஞ்சியா படம் ஒன்றைப் போட்டார்.

"இது நீலச்செடி, இது ரோஸ் செடின்னு கடைல விப்பாங்க. முக்காவாசி ரெண்டும் ஒரே செடிதாங்க. புளிப்பு மண்ணுல நீலம், சுண்ணாம்பு மண்ணுல ரோஸ். ஊட்டிலேருந்து ஒரு சட்டிய அப்படியே தூக்கிட்டு வந்து அரியலூர் தண்ணி ஊத்துங்க. போகப் போக ரோஸாத்தான் பூக்கும். செடி மேல தப்பில்ல, குடுத்தவங்க மேலயும் தப்பில்ல."

புளிப்பில் சிவக்கும் லிட்மஸுக்கு நேர் தலைகீழ். லிட்மஸ் காகிதத்தை எத்தனை நூறு தடவை முக்கியிருப்பேன். தொட்டி விளிம்பில் சுண்ணாம்பு வெள்ளை வெள்ளையாக எழுதி வைத்திருந்ததை வாராவாரம் புளி போட்டு நானே அழித்துக்கொண்டிருந்தேன். தாவரவியல், அடைப்புக்குறிக்குள்.

சாப்பாடு: சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு.

என் முறை. முதல் படத்தைத் தாண்டச் சொல்லிக் கையைக் காட்டினேன். கம்ப்யூட்டர் பையன் அதைத் திறந்துவிட்டுத்தான் தாண்டினான். "அக்கா செய்த தவறு!" சிரிப்பு.

"அக்கா மேல தப்பில்ல மேகலா, தண்ணி மேலதான் தப்பு!" வ.மே. முதல் வரிசையிலிருந்து. இன்னும் பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன்.

மற்றபடி நன்றாகத்தான் பேசினேன். குரல் நடுங்கவில்லை. முடிவில் குன்னத்திலிருந்து வந்த ஒரு அம்மா எழுந்தார். வெங்காயம் பயிரிடுகிறவராம்.

"அந்த ஜன்னல்ல ஏறுன வெள்ளப் பூவுக்கு வாசம் உண்டுங்களா?"

சாதாரணக் கேள்வி. ஒரு தடவை அந்த ஜன்னலருகில் நின்றிருந்தால் போதும்.

"உண்டுங்க. காலைல நல்லா வரும்."

"ஆங்" என்று உட்கார்ந்தார். அவர் நம்பிய விதம்தான் தாங்கவில்லை. கைதட்டல். சால்வை. அதே பேராசிரியர் கையால்.

மாலை அக்காவுக்குப் போன் போட்டேன். நிறத்தின் விஷயத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

"எப்படிப் பேசுன? கை தட்டுனாங்களா?"

தட்டினார்கள் என்றேன். சால்வை என்றேன். என்ன கலர் என்று கேட்டாள். சொன்னேன். யார் யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், எல்லாம் சொன்னேன். கேட்கக் கேட்க அவளுக்குச் சந்தோஷம், சொல்லச் சொல்ல எனக்கும்.

"ஏங்க்கா, அந்த ஜன்னல் பூவுக்கு வாசம் உண்டா?"

"அதுக்கேது வாசம். ஏன்டி?"

"சும்மா கேட்டேன்."

மாமா கயிறு எங்கே என்று கத்தினார். வைக்கிறேன் என்றாள். பந்துப்பூ விஷயம் அப்படியே நின்றுவிட்டது. எப்படியும் வரப்போகிறாள், நேரில் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மூன்று குச்சிக்கும் சேர்த்து மன்னிப்பும் கேட்க வேண்டும்.

மார்ச் 23, திங்கள்

மதியம் மூன்று மணிக்கு அக்கா போன். லாரி கிளம்பியாயிற்று. பின்னால் இரைச்சல்.

"மேகலா, காலைல உன் வூட்டுல ஒரு காப்பிய குடிச்சுட்டு ஆண்டிமடம் போறோம். உனக்கு ஒண்ணு கொண்டாரேன். என்னன்னு சொல்ல மாட்டேன்."

மைசூர்பாகு என்று நினைத்தேன். சீனி இருக்கிறதா என்று பார்த்து வைத்தேன். பால் இரண்டு பாக்கெட் கூடுதல்.

மார்ச் 24, செவ்வாய்

விடிந்ததும் லாரி தெருமுனையில். உள்ளே நுழைய முடியவில்லை. மாமா முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா இறங்கினாள், தலையில் இன்னும் மப்ளர். பின்பக்கம் போய், "மெதுவா, மெதுவா, கொம்பு ஒடிஞ்சுடப் போவுது" என்று ஆட்களை அதட்டினாள்.

உரச்சாக்கில் வேரோடு பந்துப்பூ. இடுப்பு உயரம். சுற்றிலும் அந்த ஊர்க் கறுப்பு மண், ஈரம் காயாமல் துணி சுற்றி. உச்சியில் ஒரே ஒரு கொத்து. இவரும் ஒரு ஆளும் சேர்ந்து மாடிக்கு ஏற்றினார்கள்.

நீலம். போனில் பார்த்தது போல அடிக்கிற நீலம் இல்லை. மைனா முட்டையின் நீலம். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கண்ணால் பார்க்கிறேன்.

"பாத்துக்க நல்லா. இது நீலமா இல்லையா?"

"நீலந்தான்க்கா."

"மூணு தடவ உங்கிட்ட பேச்சு வாங்கிருக்கேன். நர்ஸம்மா ஆள் அனுப்புச்சு, குடுக்கலயே! குச்சிய வெட்டி அனுப்புனாத்தான மாறிப் போவுது? தாய்ச்செடியவே பேத்துட்டேன். விடியக்காலைல நானும் மாமாவுமா, கடப்பாறைய வச்சு. இப்ப எப்படி மாறுதுன்னு பாக்குறேன்."

ஆஸ்பத்திரி வாசலில் இருந்திருக்கும். புளிப்பு மண்ணில், வருடா வருடம் நீலமாக, வருகிறவர் போகிறவர் பார்க்க. ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை. சால்வையின் கலரைச் சொன்ன நேரத்தில் சொல்லியிருக்கலாம்.

இவர் என்னைப் பார்த்தார். ஞாயிறு இரவே இவரிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். "கேன் தண்ணி வாங்கி ஊத்தலாம்" என்றார், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அக்கா என் ரோஸ் செடியிடம் குனிந்து, தண்டிலிருந்த நூலை நிமிண்டிப் பார்த்தாள். "நான் கட்டுன நூல்தான். முடிச்சு என் முடிச்சுதான்" என்றாள். அவளுக்கே இப்போதுதான் நம்பிக்கை வந்தது போல.

பிறகு, "பாவம், ராத்திரி பூரா லாரில வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே மூலையிலிருந்த போர்வெல் குழாயைத் திறந்து, குவளை நிறையப் பிடித்து, அதன் வேரில் ஊற்றினாள். இன்னொரு குவளை.

காப்பி போட்டுவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினேன்.